முதலில் கூரை, பிறகு வண்ணம்

(முதலியார்பேட்டையில் நடந்த நமது டிரஸ்டின் நலப்பணிக் கூட்டத்தில், ஓய்வுபெற்ற கட்டட மேஸ்திரி ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். உரையில் வரும் குடும்பங்களின் பெயர்கள் அவர்களின் கண்ணியம் கருதி விடப்பட்டுள்ளன.)

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

 

எனக்கு மேடைப் பேச்சு வராது. 38 வருடம் கரண்டியும் ரசமட்டமும் பிடித்த கை இது. இருந்தாலும் செயலாளர் பாய் வந்து, "இது வீடு பழுது பார்க்கிற விஷயம், நீங்கள்தான் பேச வேண்டும்" என்றார். அதனால் வந்தேன்.

விஷயம் உங்களுக்குத் தெரியும். ஒரு கம்பெனி, தன் ஊழியர்களில் 40 பேரை ஒரு சனிக்கிழமை நம் பகுதிக்கு அனுப்பி, 6 வீடுகளைச் சீர் செய்து தருவதாகச் சொல்லியிருக்கிறது. பொருள் செலவும் அவர்களுடையது. இதைக் கேட்டதும் சிலர், "அல்ஹம்துலில்லாஹ், நல்ல காரியம்" என்றார்கள். சிலர், "வந்து போட்டோ எடுத்துக்கொண்டு போவார்கள், வேறென்ன?" என்றார்கள். பட்டியலில் முதலாவதாக இருந்த ஒரு சகோதரி, கணவரை இழந்தவர், "என் வீட்டை விட்டுவிடுங்கள், வேறு யாருக்காவது செய்யுங்கள்" என்று சொல்லிவிட்டார். அவர் ஏன் அப்படிச் சொன்னார் என்பதற்குப் பின்னால் வருகிறேன்.

ஜும்ஆ நாளில் நம்மில் பலர் சூரத்துல் கஹ்ஃபு ஓதுகிறோம். அதில் மூஸா (அலை) அவர்களும் ஹிள்ர் (அலை) அவர்களும் ஓர் ஊருக்குப் போன சம்பவம் வருகிறது. பசியோடு போனார்கள். அந்த ஊரார் ஒரு வேளை சாப்பாடு கொடுக்க மறுத்தார்கள். அதே ஊரில் ஒரு சுவர் விழுகிற நிலையில் இருந்தது. ஹிள்ர் (அலை) அதைச் செவ்வையாக்கி நிறுத்தினார்கள். இதற்குக் கூலியாவது வாங்கியிருக்கலாமே என்று மூஸா (அலை) கேட்டார்கள். பிறகுதான் விளக்கம் கிடைத்தது. அந்தச் சுவர் இரண்டு அநாதைச் சிறுவர்களுடையது. அதற்கு அடியில் அவர்களுக்குரிய பொருள் இருந்தது. அவர்கள் வளர்ந்து ஆளாகும் வரை அது பாதுகாப்பாக இருக்க வேண்டும்.

ஹஜ்ரத் முன்னிலையில் நான் விளக்கம் சொல்லக் கூடாது. ஒரு மேஸ்திரியாக எனக்குத் தோன்றுவதை மட்டும் சொல்கிறேன். அந்த வேலை கூலி இல்லாமல் நடந்தது. அந்தச் சிறுவர்களைக் கூப்பிட்டு நிறுத்தி, "உங்களுக்கு இதைச் செய்தோம்" என்று யாரும் சொல்லவில்லை. எது விழப் போகிறதோ அதைத்தான் நிமிர்த்தினார்கள். வீடு பழுது பார்க்கும் எந்த நற்பணிக்கும் இந்த மூன்றும் போதும் என்று நினைக்கிறேன்.

மற்ற ஊர்களில் இது எப்படி நடந்தது என்பதையும் கொஞ்சம் சொல்கிறேன். அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தில் மிட்லண்ட் என்று எண்ணெய்க் கிணறுகள் உள்ள ஓர் ஊர். 1973-ல் அங்குள்ள தேவாலயத்தைச் சேர்ந்த சிலர், அக்கம்பக்கத்து முதியவர்களின் வீடுகளைச் சேர்ந்து பழுது பார்க்கத் தொடங்கினார்கள். ஆண்டுக்கு ஒரு முறை, ஏப்ரல் மாதத்தில். அது மற்ற ஊர்களுக்கும் பரவி, 1988-ல் நாடு முழுவதற்குமான அமைப்பாகி, இன்று 'ரீபில்டிங் டுகெதர்' என்ற பெயரில் நடக்கிறது. கம்பெனிகள் தங்கள் ஊழியர்களை அங்கே அனுப்புகின்றன.

நம் நாட்டில் 'ஹாபிடாட் ஃபார் ஹியூமானிட்டி' என்ற தொண்டு நிறுவனம் 1983 முதல் வீடு கட்டித் தரும் பணியைச் செய்கிறது. 2006 அக்டோபர் கடைசியில் மகாராஷ்டிராவில் லோனாவாலா பக்கத்தில், ஒரே வாரத்தில் 100 வீடுகள் எழுப்பும் வேலையை எடுத்துச் செய்தார்கள். அமெரிக்காவின் முன்னாள் அதிபர் ஜிம்மி கார்ட்டர், 82 வயதில், தன் மனைவியோடு அங்கே வந்து தன் கையால் வேலை செய்தார். வீடு பெறும் குடும்பமும் சேர்ந்து உழைக்க வேண்டும் என்பது அந்த நிறுவனத்தின் வழக்கம். அந்த வழக்கம் எனக்குப் பிடித்தது. உழைப்பில் தனக்கும் பங்கு இருந்தால், வாங்கிக்கொள்கிறவர் தலை குனிய வேண்டியதில்லை.

பெரிய பதவியில் இருந்தவர் மண் சுமப்பது நமக்குப் புதிய செய்தி இல்லை. மதீனாவில் மஸ்ஜிதுந் நபவி கட்டப்பட்டபோது நபி (ஸல்) அவர்களே கல் சுமந்தார்கள் என்பதைச் சிறு வயதிலேயே மத்ரஸாவில் படித்தவர்கள் நாம்.

சரி, கம்பெனிகள் ஏன் வருகின்றன? இதில் ஒளிவு மறைவு வேண்டாம். 2013-ம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் 135-வது பிரிவு, 2014 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. 500 கோடி ரூபாய் நிகர சொத்து மதிப்பு, அல்லது 1000 கோடி விற்றுமுதல், அல்லது 5 கோடி நிகர லாபம், இவற்றில் ஒன்றைத் தொட்ட கம்பெனி, முந்தைய 3 ஆண்டுகளின் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். தான் இயங்கும் பகுதிக்கு முன்னுரிமை தர வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. மேட்டுப்பாளையம், தட்டாஞ்சாவடி, சேதராப்பட்டு, திருபுவனை என்று நம்மைச் சுற்றித் தொழிற்பேட்டைகள் இருக்கின்றன. அங்கே நம் பிள்ளைகளும் வேலை செய்கிறார்கள். அந்தப் புகையும் லாரிகளும் இந்த ஊரில்தான் ஓடுகின்றன. ஆகவே அவர்கள் வருவதைப் பிச்சை என்று நினைத்துக் கூச வேண்டாம். அது சட்டப்படி ஊருக்கு வர வேண்டிய பங்கு.

அதே சமயம் இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். ஊழியர் ஒருவர் தன் நேரத்தைக் கொடுத்து இங்கே வந்து உழைத்தால், அந்த நேரத்துக்கு விலை போட்டு அந்த 2 சதவீதக் கணக்கில் கம்பெனி சேர்த்துக்கொள்ள முடியாது. செலவழித்த பணம் மட்டும்தான் கணக்கில் வரும். அப்படியானால் அந்தச் சனிக்கிழமை மண்வெட்டி பிடிக்க வருகிற பிள்ளையின் வியர்வை, கணக்கில் வராத நன்கொடை. அதை நாம் மதிக்க வேண்டும்.

நிர்வாகிகளுக்கு ஒரு வார்த்தை. இந்தப் பணம் ஒரு டிரஸ்ட் வழியாக வர வேண்டுமானால், அந்த டிரஸ்டுக்கு 12ஏ, 80ஜி பதிவு வேண்டும், 3 ஆண்டு வேலை செய்த அனுபவம் வேண்டும், சி.எஸ்.ஆர்.-1 படிவம் தாக்கல் செய்து எண் பெற்றிருக்க வேண்டும். 2021 ஏப்ரல் 1 முதல் இது கட்டாயம். பேப்பர் சரியாக இல்லாமல் நல்ல வேலை நின்றுபோகக் கூடாது.

இப்போது என் மனதில் 13 வருடமாக இருக்கும் ஒரு பாரத்தை உங்கள் முன் இறக்கி வைக்கிறேன்.

2011 டிசம்பர் 30 காலையில் தானே புயல் நம் கரையைக் கடந்தது. பெரியவர்களுக்கு மறக்காது. வாரக்கணக்கில் கரண்ட் இல்லாமல் கிடந்தவர்கள் இங்கேயே இருக்கிறீர்கள். அதற்குச் சில மாதங்கள் கழித்து, ஒரு கம்பெனியிலிருந்து ஒரு குழு எங்கள் பக்கத்துத் தெருவுக்கு வந்தது. எந்தக் கம்பெனி என்பது இங்கே தேவையில்லை. டின் டின்னாகப் பெயிண்ட் கொண்டு வந்தார்கள். தெருவில் 8 வீடுகளுக்கு வண்ணம் அடித்தார்கள். உள்ளூர் மேஸ்திரி என்று என்னைக் கூட வைத்துக்கொண்டார்கள். நல்ல பிள்ளைகள். வெயிலில் நின்று மனதார வேலை செய்தார்கள். மாலையில் தெருவே கல்யாண வீடு மாதிரி இருந்தது.

அதில் ஒரு வீடு, ஒரு மூதாட்டியுடையது. மேலே தளத்தில் வெடிப்பு விட்டிருந்தது. கான்கிரீட்டுக்குள் கம்பி துருப்பிடித்து ஊதியிருந்தது. கடல் காற்று அடிக்கிற ஊரில் இது சகஜம். உப்புக் காற்றும் மழை நீரும் வெடிப்பு வழியாக உள்ளே போகும், கம்பி துருப்பிடித்துப் பருக்கும், கடைசியில் அடிப்பூச்சைப் பிளந்து தள்ளும். நான் தட்டிப் பார்த்தேன். டொக் டொக்கென்று பொக்கைச் சத்தம் வந்தது. எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் நான் வாய் திறக்கவில்லை. வந்தவர்களிடம் இருந்தது பெயிண்ட். தளத்தை உடைத்துச் சரிசெய்ய அவர்களிடம் காசும் இல்லை, நாளும் இல்லை. விருந்தாளியிடம் குறை சொல்வது எப்படி என்று இருந்துவிட்டேன். பொக்கையாக இருந்த அந்த இடத்தின் மேலேயே நல்ல வெள்ளை அடித்தார்கள். நானும் பிரஷ் எடுத்துக் கொடுத்தேன்.

அடுத்த மழைக்காலத்தில், ஒரு நாள் விடியற்காலையில் அந்தத் துண்டு பெயர்ந்து கட்டில் மேல் விழுந்தது. பாட்டி அந்த நேரத்தில் ஃபஜ்ருக்கு ஒளுச் செய்யப் பின்கட்டுக்குப் போயிருந்தார். அல்லாஹ் காப்பாற்றினான். போய்ப் பார்த்தேன். தலையணை மேல் கிடந்த சிமெண்டுக் கட்டியில் ஒரு பக்கம் நான் எடுத்துக் கொடுத்த வெள்ளை இருந்தது. பாட்டி என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. "மேஸ்திரி தம்பி, டீ குடித்துவிட்டுப் போ" என்றார். அந்த டீ இன்றைக்கும் எனக்கு இறங்கவில்லை.

அதனால்தான் இன்று நிற்கிறேன். வருகிறவர்களிடம் மரியாதையாக, முன்கூட்டியே, உண்மையைச் சொல்வதுதான் நாம் அவர்களுக்குச் செய்யும் உபசாரம். அவர்கள் கட்டட வேலை தெரிந்தவர்கள் இல்லை. வீட்டின் நோய் எது என்று நாம்தான் சொல்ல வேண்டும்.

எந்த வேலையை முதலில் செய்வது? என் வரிசை இது.

முதலாவது கூரை. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது, 24 மணி நேரத்தில் புதுச்சேரியில் 46 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது. ஒழுகுகிற தளத்துக்குக் கீழே எத்தனை வண்ணம் அடித்தாலும் அது ஒரு பருவம் தாங்காது. வெடிப்பை வெட்டி அடைப்பது, துருப்பிடித்த கம்பியைச் சுத்தம் செய்து பூசுவது, மாடியில் தண்ணீர் தேங்காமல் வாட்டம் கொடுத்துத் தட்டோடு பதிப்பது, மழைநீர்க் குழாயின் அடைப்பை எடுப்பது எல்லாம் ஐப்பசி பிறப்பதற்கு முன்பே முடிய வேண்டும். பழைய வீடுகளில் தேக்கு விட்டத்தின் மேல் செங்கல் அடுக்கிச் சுண்ணாம்பில் போட்ட மெட்ராஸ் தளம் இருக்கும். அந்தச் சுண்ணாம்புச் சுவர்களுக்குச் சிமெண்டுப் பூச்சு பூசாதீர்கள். ஈரம் வெளியேற வழியில்லாமல் சுவர் உள்ளுக்குள்ளேயே உளுத்துவிடும். சுண்ணாம்புக்குச் சுண்ணாம்புதான்.

இரண்டாவது மின்சாரம். ஈரச் சுவருக்குள் பழைய வயர் ஓடுகிற வீடு, குழந்தைகள் இருக்கிற வீடு என்றால் பயப்பட வேண்டும். எர்த் கம்பி இருக்கிறதா, மின்கசிவு வந்தால் தானாக விழும் டிரிப்பர் இருக்கிறதா என்று லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியன் பார்க்க வேண்டும்.

மூன்றாவது கழிப்பறையும் படியும். வயதானவர்கள் வழுக்கி விழுவது பெரும்பாலும் அங்கேதான். ஒரு கைப்பிடி, சொரசொரப்பான தரை, உயரம் குறைந்த ஒரு படி, இவ்வளவு போதும். செலவு சொற்பம். இடுப்பு எலும்பு முறிந்தால் ஆகும் செலவையும் வேதனையையும் நினைத்துப் பாருங்கள்.

நான்காவதுதான் வண்ணம். வண்ணம் வேண்டாம் என்று சொல்லவில்லை. வெளிச்சமான சுவர் மனதுக்கு நல்லது. பிள்ளை படிக்க உட்கார ஆசை வரும். ஆனால் அதற்குரிய இடம் நான்காவது.

இதில் முதல் இரண்டையும் கூலி கொடுத்துத் தொழில் தெரிந்த ஆட்களை வைத்து, கம்பெனிக்காரர்கள் வருவதற்கு முன்பே முடித்துவிட வேண்டும். அவர்கள் கொடுக்கும் பணத்தில் பெரும்பகுதி அங்கே போகட்டும். நம் பகுதிக் கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் அதில் வேலை கிடைக்கும். சனிக்கிழமை வருகிறவர்களுக்கு ஏற்ற வேலை நிறைய இருக்கிறது. சாமான்களை நகர்த்துவது, குப்பை அள்ளுவது, தண்ணீர் தெளித்துச் சுவரைத் தேய்ப்பது, பிரைமர், வண்ணம், அலமாரி பொருத்துவது, கதவு ஜன்னல் தேய்த்து அடிப்பது. ஏணியில் ஏறும் வேலையும் மாடி விளிம்பு வேலையும் அவர்களுக்கு வேண்டாம்.

இரண்டு எச்சரிக்கை. ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் போட்ட வீட்டில் அதை வெட்டவோ உடைக்கவோ துளையிடவோ யாரையும் விடாதீர்கள். அந்தத் தூசி நுரையீரலில் தங்கி, பல வருடம் கழித்து நோயைக் கொடுக்கும். அடுத்தது, பழைய பெயிண்டை உலர்ந்தபடியே உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள். பெயிண்டில் ஈயம் 90 பி.பி.எம். அளவைத் தாண்டக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் அமலுக்கு வந்தது. அதற்கு முன் அடித்ததில் ஈயம் அதிகம் இருக்கலாம். சிறு பிள்ளைகளின் மூளை வளர்ச்சியை அது கெடுக்கும். நனைத்துத் தேயுங்கள், பிள்ளைகளை அன்று வேறு வீட்டில் விடுங்கள்.

இனி அந்தச் சகோதரியின் விஷயம். என் மனைவி போய்ப் பேசினார். அவர் சொன்னது இதுதான்: "என் மகளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருக்கிறேன். என் வீட்டுச் சமையலறைக் கரியும் ஓட்டை உடைசலும் நாலு பேர் போனில் சுற்றினால், எனக்கு வீடு சரியாகும், என் மகளுக்கு என்ன ஆகும்?" இதற்கு நம்மில் யாரிடம் பதில் இருக்கிறது?

வண்ணம் அடித்த வீட்டைக் காட்ட வேண்டும் என்று கம்பெனிக்கும் ஒரு தேவை இருக்கும். கணக்குக் காட்ட வேண்டும் அல்லவா? அதற்கு வழி இருக்கிறது. வேலை செய்கிறவர்களைப் படம் எடுக்கட்டும். சுவரை, தளத்தை, பொருத்திய கைப்பிடியை எடுக்கட்டும். வீட்டுக்காரர் முகம், பெயர், கதவு எண் வேண்டாம். வாசலில் பேனர் வேண்டாம். வீட்டில் பெண்கள் மட்டும் இருந்தால், வரும் குழுவிலும் பெண்கள் இருக்கட்டும். எந்த அறைக்குள் போகலாம் என்பதை வீட்டுக்காரரே சொல்லட்டும். இதை எல்லாம் ஒரு தாளில் எழுதி, கம்பெனியிடம் முன்பே கொடுத்துவிடலாம். செயலாளர் பாய் கேட்டுப் பார்த்தார். அவர்கள் உடனே சம்மதித்துவிட்டார்கள். கேட்காமலேயே நாம்தான் அவர்களைத் தப்பாக நினைத்துக்கொண்டிருந்தோம். இதைச் சொன்னதும் அந்தச் சகோதரி, "யோசித்துச் சொல்கிறேன்" என்று கூறியிருக்கிறார். அவர் சம்மதித்தாலும் சம்மதிக்காவிட்டாலும் அவர் வீட்டுத் தளத்தை மழைக்கு முன் நான் அடைத்துத் தருவேன், இன்ஷா அல்லாஹ்.

இன்னும் சில வார்த்தை. பட்டியலில் உள்ள வீடுகளில் சில வாடகை வீடுகள். இங்கே ஏ.எஃப்.டி. மில் 2020-ல் மூடிய பிறகு, சொந்த வீட்டை விட்டுவிட்டு வாடகைக்குப் போன குடும்பங்கள் எனக்குத் தெரியும். வீட்டைச் சரிசெய்து முடித்ததும் உரிமையாளர் வாடகையை ஏற்றினாலோ காலி செய்யச் சொன்னாலோ, நாம் உதவியது யாருக்கு? ஆகவே 2 வருடத்துக்கு அப்படிச் செய்வதில்லை என்று உரிமையாளரிடம் எழுதி வாங்கிய பிறகே கை வைக்க வேண்டும்.

தேவை எங்கே அதிகமோ அங்கே முதலில் போவோம். நிர்வாகியின் உறவினர், எனக்கு வேண்டியவர் என்று வரிசை மாறக் கூடாது. சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கும் அண்டை வீட்டார் யாராக இருந்தாலும், எந்த மதமாக இருந்தாலும், அவர் கூரை ஒழுகினால் அதுவும் நம் பட்டியலில் வர வேண்டும். பொதுச் சுவரில் ஈரம் ஏறும்போது அது ஆளைப் பார்த்து ஏறுவதில்லை. 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் மூழ்கியபோது, பள்ளிவாசல்கள் கதவைத் திறந்து எல்லோரையும் தங்க வைத்தன. நம் இளைஞர்கள் வீடுகளையும் கோயில்களையும்கூடக் கழுவிக் கொடுத்தார்கள். அந்த வழி நமக்குத் தெரிந்த வழிதான்.

ஜகாத் பணத்தை இதில் சேர்ப்பதைப் பற்றிச் சிலர் கேட்டார்கள். அது யாருக்கு, எந்த முறையில் போய்ச் சேர வேண்டும் என்பதை ஹஜ்ரத்திடம் கேட்டுத்தான் செய்ய வேண்டும். ஸதகாவுக்கு அப்படி நெருக்கடி இல்லை. ஒரு மூட்டை சிமெண்டு, நூறு தட்டோடு என்று முடிந்தவர்கள் சொல்லலாம்.

கடைசியாக, இளைஞர்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். கம்பெனிக்காரர்கள் ஒரு நாள் வருவார்கள், போவார்கள். வீடு அங்கேயே இருக்கும். முகம் தெரியாத 40 பேர் நமக்காக வெயிலில் நிற்கும்போது, நாம் திண்ணையில் உட்கார்ந்து பார்க்கக் கூடாது. அன்று உங்களில் 20 பேர் வாருங்கள். அதற்குப் பிறகும் வருடத்தில் 2 நாள், புரட்டாசியில் ஒன்று, தை பிறந்ததும் ஒன்று, அந்த 6 வீடுகளின் மாடிக்கும் ஏறி, இலை தழை கூட்டி, குழாய் அடைப்பை எடுத்து, வெடிப்பு விட்டிருக்கிறதா என்று பாருங்கள். எப்படித் தட்டிப் பார்ப்பது, பொக்கைச் சத்தம் எப்படி இருக்கும் என்று நான் சொல்லித் தருகிறேன். ஏணி என்னிடம் இருக்கிறது. கால் வலிக்கிறது, ஏற முடியாது. கீழே நின்று பிடித்துக்கொள்கிறேன்.

அந்தப் பாட்டி இன்று உயிரோடு இல்லை. அல்லாஹ் அவருக்கு உறுதியான வீட்டைச் சுவனத்தில் தருவானாக. நாம் செய்கிற வேலையில் முகஸ்துதி இல்லாமல் ஆக்குவானாக. வெளியிலிருந்து வந்து நமக்கு உதவுகிறவர்களின் வீடுகளிலும் பரக்கத் செய்வானாக. ஆமீன்.

பேச்சில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பெயர் கொடுக்க விரும்பும் இளைஞர்கள் இஷாவுக்குப் பிறகு டிரஸ்ட் அலுவலகத்துக்கு வாருங்கள்.